ஸ்கீ பூட்ஸுக்கும் அலைன்மென்ட் பார்க்கணும்

கார் ஒரு பக்கமாக இழுத்தால் என்ன செய்வோம்? ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டே ஓட்டுவோம். நாலு நாளில் கை அதற்குப் பழகிவிடும். கார் இழுக்கிறது என்பதே மறந்துபோகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் "ஏன் ஸ்டீயரிங்கைக் கோணலாவே பிடிச்சிருக்கீங்க?" என்று கேட்பார். அவர் சொல்கிறாரே என்று கையை நேராக்கினால் கார் சாலையோரத்துக்குப் போகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் வீல் அலைன்மென்ட் பார்ப்பதுதான் வழி. ஓட்டுகிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பனிச்சறுக்கிலும் இதே கதை உண்டு. ஸ்கீயிங் ஓரளவு நன்றாகவே தெரிந்த பலர் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிடுகிறார்கள். மென்மையான பனியில் அழகாகப் போவார்கள். செங்குத்தான சரிவில், ராத்திரி உறைந்து கல்லாகிப்போன பனியில், ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் ஸ்கீ வழுக்கிக்கொண்டு போகும். பயிற்சியாளர் "முட்டியை உள்ளே தள்ளாதீங்க", "எடையை முன்னால கொண்டு வாங்க" என்பார். வருஷா வருஷம் அதே இரண்டு வாக்கியம்தான்.

நான் இங்கே சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். அந்த முட்டி உள்ளே போவது பல நேரங்களில் கெட்ட பழக்கம் அல்ல. கோணலான ஒரு கருவியை வைத்துக்கொண்டு உடம்பு கண்டுபிடித்த சரியான சமாளிப்பு. கருவியைத் திருத்தாமல் சமாளிப்பை மட்டும் நிறுத்தச் சொன்னால் ஸ்கீ வழுக்கும். அதனால் பயிற்சிக்கு முன்னால் அளவு எடுக்கணும். ஏன், எப்படி என்பதுதான் மீதிக் கட்டுரை. ஸ்கீ பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்.

ஒரு திருப்பத்தில் என்ன நடக்கிறது?

மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 12 மீட்டரில், 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வளைவின் மையத்தை நோக்கிய முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. 144 வகுத்தல் 15, அதாவது 9.6. பூமி நம்மை இழுக்கும் 9.8க்குக் கிட்டத்தட்டச் சமம். ஆக, சரிவைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், விழாமல் இருக்க உடம்பு சுமார் 45 டிகிரி உள்பக்கம் சாய வேண்டும். பனி நம்மைத் தாங்கும் விசை உடல் எடையைப் போல 1.4 மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 98 கிலோ. அதில் பெரும்பங்கு வெளிக்காலில் இறங்கும். இடது பக்கம் திரும்பினால் வலது கால் வெளிக்கால். வலது பக்கம் திரும்பினால் இடது கால்.

இந்த 98 கிலோவை எது தாங்கப் போகிறது, எலும்பா, தசையா? தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடப்பவர்களைப் பாருங்கள். கழுத்து, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும், எடை எலும்பு வழியாக நேராகத் தரைக்கு இறங்கிவிடும். அதே குடத்தை முட்டியை மடக்கிக் குந்திய நிலையில் தூக்கி வைத்திருங்கள், ஒரு நிமிஷத்தில் தொடை எரியும். நல்ல ஸ்கீயர்களின் படங்களில் திருப்பத்தின் நடுவே வெளிக்கால் ஏறக்குறைய நீண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். சுமையை எலும்புக்குக் கொடுத்துவிட்டு, தசையைச் சமநிலைக்காக மிச்சம் வைக்கிறார்கள்.

படிக்கட்டுக் கணக்கு

அடுத்து, ஸ்கீ ஏன் பிடிக்கிறது, ஏன் வழுக்குகிறது என்று பார்ப்போம். ஸ்கீயின் இரும்பு விளிம்பு, அதாவது எட்ஜ், பனியில் ஒரு சின்னப் படிக்கட்டை வெட்டுகிறது. நம் எடை அந்தப் படியின் மேல் நிற்கிறது. படி, விசை வரும் கோட்டுக்குச் செங்குத்தாகவோ, அதைவிட இன்னும் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தோ இருந்தால் ஸ்கீ நிற்கும். வெளிப்பக்கம் சரிந்திருந்தால் வழுக்கும், ஈரமான சாய்வுப் பலகையில் கால் வைத்த மாதிரி. ரான் லெமாஸ்டர் தன் புத்தகங்களில் பந்தய வீரர்களின் தொடர்படங்களை வைத்து இதைத்தான் திரும்பத் திரும்ப விளக்குகிறார்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். உடம்பு ஒரே குச்சியாக 45 டிகிரி சாய்ந்து, ஸ்கீ காலுக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்தால், படியும் விசைக்கோட்டுக்குச் சரியாகச் செங்குத்து. அதாவது நிற்குமா வழுக்குமா என்ற எல்லைக்கோட்டிலேயே இருக்கிறோம். கொஞ்சம் கூடுதல் கோணம் வேண்டும். அதற்காகத்தான் தேர்ந்த ஸ்கீயர்கள் இடுப்பில் மடிந்து, மேல் உடம்பை வெளிப்பக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். காலின் சாய்வு விசைக்கோட்டின் சாய்வைவிடச் சில டிகிரி அதிகமாகிறது. அந்தச் சில டிகிரிதான் நம்மிடம் இருக்கும் மொத்தக் கையிருப்பு.

கையிருப்பே சில டிகிரி என்றால், பூட்ஸ் 2 டிகிரி கோணலாக இருப்பது சின்ன விஷயம் இல்லை. "2 டிகிரி எல்லாம் ஒரு வித்தியாசமா?" என்று கேட்பவர்கள் அதை 45டன் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது அந்தக் கையிருப்புடன்.

முட்டி ஏன் உள்ளே போகிறது?

பூட்ஸின் அடிப்பாகம் தரையில் தட்டையாக இருக்கும்போதே ஒருவரின் முட்டி, பூட்ஸின் நடுக்கோட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அவர் காலை எவ்வளவு சாய்த்தாலும் ஸ்கீ அதற்கு 2 டிகிரி பின்தங்கியே வரும். அந்தப் பாக்கியை எங்கிருந்தாவது எடுக்க வேண்டும். உடம்புக்கு எளிதாகக் கிடைக்கும் இடம் முட்டி.

உண்மையில் முட்டி பக்கவாட்டில் மடங்கும் மூட்டு அல்ல, அது கதவுக் கீல் மாதிரி. முட்டியை மடக்கிக்கொண்டு, தொடை எலும்பை இடுப்பில் உள்பக்கம் சுழற்றுவதுதான் பார்க்க "முட்டி உள்ளே போகிற" மாதிரி தெரிகிறது. இதில் ஒரு சங்கிலி ஓடுகிறது. சுழற்ற வேண்டுமென்றால் முட்டி மடங்கியிருக்க வேண்டும். மடங்கினால் வெளிக்கால் நீளமாக இல்லை. நீளமாக இல்லாவிட்டால் 98 கிலோ தொடைத் தசையின் மேல். தசை களைத்ததும் இடுப்பு பின்னால் போகிறது. இடுப்பு பின்னால் போனதும் ஸ்கீயின் முன்பாதி எடை இழந்து பிடியை விடுகிறது. பயிற்சியாளர் கண்ணுக்கு "முட்டி", "எடை பின்னால" என்று இரண்டு தப்பு தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே 2 டிகிரி.

முட்டி நடுக்கோட்டுக்கு வெளியே விழுந்தால் தலைகீழ். கால் நேராக இருக்கும்போதே ஸ்கீ உள்விளிம்பில் ஏறி நிற்கும். பிடிப்புக்குக் குறை இல்லை, ஆனால் விட மாட்டேன் என்கும். ஒரு திருப்பத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது விளிம்பு பனியில் மாட்டிக்கொள்ளும்.

இதில் பந்தயம் வைக்கப்படுவது நேர்த்தி மட்டும் இல்லை. ஸ்கீயர்களுக்கு வரும் பெரிய காயங்களில் ஏ.சி.எல். கிழிவு முக்கியமானது. மடங்கிய முட்டியை உள்பக்கம் முறுக்கி, அதன் மேல் எடையைப் போட்டு நாள் முழுவதும் சறுக்குவது நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்கள் விரும்பிச் செய்யக்கூடிய காரியம் அல்ல. அலைன்மென்ட் பார்த்தால் காயமே வராது என்று சொல்லவில்லை. தேவையில்லாத ஒரு முறுக்கைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினை எப்போது பெரிதானது?

தோல் பூட்ஸ் காலத்தில் இவ்வளவு துல்லியம் தேவைப்படவில்லை. தோல் வளைந்து கொடுத்தது, தப்பையும் விழுங்கியது. 1960களில் பாப் லாங்கே கொண்டுவந்த மாதிரியான பிளாஸ்டிக் பூட்ஸ் பரவியதும் காலின் ஒவ்வொரு அசைவும் நேராக விளிம்புக்குப் போக ஆரம்பித்தது. நல்ல அசைவும் போனது, கோணலும் போனது. 1993ல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற, நடுவில் நன்றாக இடுப்பு வைத்த ஸ்கீயைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எல்லா ஸ்கீயும் அந்த வடிவத்துக்கு வந்துவிட்டன. இவற்றைச் சாய்த்தாலே தானாகத் திரும்பும். அதனால் சாய்வில் வரும் சின்னப் பிழையும் நேராகத் திருப்பத்தில் தெரியும்.

அதே 1993ல் வாரன் விதரெலும் டேவிட் எவ்ரார்டும் எழுதிய 'தி அத்லெட்டிக் ஸ்கீயர்' வந்தது. முதலில் உபகரணமும் உடம்பும் ஒத்துப்போகட்டும், பயிற்சி அப்புறம் என்ற வரிசையைப் பொதுமக்களுக்கு அழுத்திச் சொன்ன புத்தகம். உலகக் கோப்பை வீரர்களுக்கு அரை டிகிரி மாற்றம்கூடப் பெரிய விஷயம். நாம் கடையில் "கால் கடிக்கலையா? சரி, பில் போடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறோம்.

வீட்டில் அளப்பது எப்படி?

வரிசை முக்கியம். கீழிருந்து மேலே போகணும். பாதத்தை மாற்றினால் முட்டி மாறும், அதனால் முட்டியை முதலில் அளப்பது வீண் வேலை.

முதலில் பாதம். எடை இறங்கும்போது உள்வளைவு தட்டையாகிறதென்றால் பாதம் உள்பக்கம் சரியும், முட்டியும் கூடவே போகும். பாதத்துக்கு ஏற்ப வார்த்த இன்சோல் இதைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது பூட்ஸின் மேல்பகுதி, கஃப் என்பார்கள். உள்ளுறையை எடுத்துவிட்டு, இன்சோலை மட்டும் வெறும் ஓட்டுக்குள் போட்டு நின்று பாருங்கள். கீழ்க்காலுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் பக்கம் இருக்கும் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். பல பூட்ஸில் இந்த வசதி உண்டு. இது ஓட்டைக் காலின் வடிவத்துக்குப் பொருத்துவதற்கு மட்டும்தான், முட்டியை நகர்த்துவதற்கு அல்ல.

மூன்றாவது முட்டி. தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பூட்ஸை முழுக்க மாட்டி, கால்களை இடுப்பகலத்தில் வைத்து, சறுக்கும்போது மடக்குகிற அளவுக்கு மடக்கி நில்லுங்கள். முட்டியின் இரண்டு பக்க எலும்பு முனைகளுக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லை நம்ப வேண்டாம், அது சிலருக்கு உள்பக்கம் பார்த்திருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது பூட்ஸின் முனையிலுள்ள நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து பார்த்தால் அளவு மாறிவிடும். குண்டு நடுக்கோட்டிலோ, அதற்குச் சற்று உள்ளேயோ விழுந்தால் நல்லது.

மில்லிமீட்டரை டிகிரியாக மாற்றுவது சுலபம். முட்டி தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் என்றால், 1 டிகிரிக்கு 8.7 மில்லிமீட்டர். என் அளவுகள் இவை. இன்சோல் இல்லாமல் இடது முட்டி 27 மில்லிமீட்டர் உள்ளே, இன்சோல் போட்டதும் 21. வலது முட்டி 4. இரண்டு காலுக்கும் வித்தியாசம் 17 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 2 டிகிரி. நான் சியாட்டிலில் இருக்கிறேன். கேஸ்கேட் மலைகளின் ஈரப்பனி ராத்திரி உறைந்து காலையில் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிடும். அந்தத் தரையில் எனக்கு வலது பக்கத் திருப்பம் மட்டும் வழுக்குவதற்கான விடை இந்த எண்ணில் இருந்தது. வலது பக்கம் திரும்பினால் வெளிக்கால் இடதுதானே.

எவ்வளவு திருத்தணும் என்பதையும் வீட்டிலேயே பார்க்கலாம். காலாவதியான ஏடிஎம் அட்டைகளை எடுங்கள். எல்லாம் 0.76 மில்லிமீட்டர் தடிமன். பூட்ஸின் அடி முன்பக்கம் 69 மில்லிமீட்டர் அகலம். உள்விளிம்பின் கீழ் முன்னும் பின்னும் ஒவ்வொரு அட்டை வைத்தால் பூட்ஸ் சுமார் 0.6 டிகிரி வெளிப்பக்கம் சாயும், முட்டியும் கூடவே வெளியே வரும். எனக்கு மூன்று அட்டைகளில் குண்டு வலது காலைப் போலவே 4–5 மில்லிமீட்டரில் வந்து நின்றது. அட்டைச் சோதனை வீட்டுத் தரையில் மட்டும். மலையில் பூட்ஸுக்கும் பைண்டிங்குக்கும் நடுவில் எதையும் செருகாதீர்கள். விழும்போது பைண்டிங் சரியான நேரத்தில் காலை விடுவிக்காமல் போகலாம்.

நிரந்தரத் திருத்தம் என்பது பூட்ஸின் அடியை அந்தக் கோணத்துக்கு இழைப்பது. ஐ.எஸ்.ஓ. 5355 தரப்படி பூட்ஸின் முன் உதடு 19, பின் உதடு 30 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். பைண்டிங் அந்த அளவை நம்பித்தான் வேலை செய்கிறது. ஆகவே இழைத்த பிறகு தகடு வைத்து, உதடுகளை மறுபடி அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தொழில் தெரிந்த பூட்ஸ் நிபுணர் செய்ய வேண்டிய வேலை. வீட்டு கேரேஜில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கிற வேலை இல்லை.

முன்-பின் கணக்கு

நாலாவது, பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டியது. பூட்ஸுக்குள் குதிகால் விரல்களைவிட உயரத்தில் இருக்கும். பைண்டிங்கும் பின்பக்கம் உயரமாக இருக்கலாம். 305 மில்லிமீட்டர் பூட்ஸில் 5 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 1 டிகிரி. கஃப்பின் முன்சாய்வு தனி. இவை எல்லாம் கூடிப்போனால் முட்டி ரொம்ப முன்னால் தள்ளப்படும். கவிழ்ந்து விழாமல் இருக்க உடம்பு இடுப்பைப் பின்னால் கொண்டுபோகும். அவரிடம் "முன்னால சாயுங்க" என்றால் இடுப்பை மடக்கித் தலையை மட்டும் முன்னால் நீட்டுவார். பூட்ஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது, அவர் என்னதான் செய்வார்?

சோதனை எளிது. பூட்ஸோடு சறுக்கும் நிலையில் நின்று, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கீழ்க்காலின் சாய்வும் முதுகின் சாய்வும் ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். பிறகு நின்ற நிலையிலிருந்து எந்தத் தயாரிப்பும் இல்லாமல் மேலே குதியுங்கள். அதே இடத்தில் இறங்கினால் நல்லது. ஒவ்வொரு தடவையும் முன்னாலோ பின்னாலோ தடுமாறினால் நிபுணரிடம் சாய்வைப் பார்க்கச் சொல்லலாம்.

பனியில் ஒரு சோதனை

எளிதான சரிவில் உள்ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு, முழுத் திருப்பத்தையும் வெளிஸ்கீயில் மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் பெரும்பாலும் பயிற்சிக் குறைதான். ஒரு பக்கம் நன்றாக வந்து இன்னொரு பக்கம் மட்டும் வழுக்கினால் கருவியைச் சந்தேகப்படலாம். மூளை இரண்டு காலுக்கும் ஒன்றுதானே, ஒரே நிரல் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் ஓடாவிட்டால் நாங்கள் நிரலைத் திருத்த உட்காருவதில்லை, இயந்திரத்தைத்தான் பார்ப்போம். ஆனால் இரண்டு காலும் ஒரே அளவு கோணலாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் தூக்குக்குண்டைத் தவிர்க்க முடியாது.

ஸ்கீயின் அகலத்தையும் கவனியுங்கள். நடுவில் 68 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கீயில் விளிம்பு, நடுக்கோட்டிலிருந்து 34 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. 100 மில்லிமீட்டர் ஸ்கீயில் 50. பனியின் விசை ஸ்கீயைத் தட்டையாக்கப் பார்க்கும் நெம்புகோல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. ஆழமான புதுப்பனிக்கு அகல ஸ்கீ அருமையானது. கல் மாதிரி உறைந்த பனியில் அதை வைத்துக்கொண்டு முட்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

திருத்திய பிறகு என்ன ஆகும்?

உடனே எல்லாம் சரியாகிவிடாது. அலைன்மென்ட் பார்த்த காரில் ஏறிப் பழைய பழக்கத்தில் ஸ்டீயரிங்கைக் கோணலாகப் பிடித்தால் கார் மறுபக்கம் போகுமே, அதேதான். அடியை இழைத்த பிறகு முதல் சில நாட்கள் என் இடது ஸ்கீ தேவைக்கு முந்தியே பிடித்து, வெடுக்கென்று திரும்பியது. முட்டி இன்னும் பழைய பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தது. அது அடங்க அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஆனது.

அந்த நேரத்தில்தான் பயிற்சி உண்மையிலேயே பலன் தந்தது. கணுக்காலை மடக்கித் திருப்பத்தைத் தொடங்குவது, வெளிக்காலை நீள விடுவது, கோணத்தை முட்டியில் தேடாமல் இடுப்பில் தேடுவது. இதே மூன்றைத்தான் பயிற்சியாளர்கள் எப்போதும் சொல்கிறார்கள், அவர்கள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது உடம்பு அதைக் கேட்க முடிகிறது. முன்பு கேட்டிருந்தால் வழுக்கி விழுந்திருக்கும்.

அடுத்த பருவத்துக்குப் புது ஸ்கீ வாங்கலாமா, நாலு நாள் வகுப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், மூன்று பழைய அட்டை, அளந்து சொல்ல வீட்டில் ஒரு ஆள். குண்டு நடுக்கோட்டில் விழுந்தால் ரொம்ப நல்லது, தைரியமாக வகுப்பில் சேருங்கள். தள்ளி விழுந்தால், வகுப்புக் கட்டணத்தை முதலில் பூட்ஸ் நிபுணருக்குக் கொடுங்கள்.